விசைப்படகு எஞ்சினில் எண்ணெய்க் கசிவு

படகின் உடலுக்குள் பொருத்திய டீசல் எஞ்சினிலிருந்து எஞ்சின் ஆயில் வெளியே வழிவதே இக்கசிவு. திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டிலுள்ள ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் எஞ்சின் பின்புறம் வெளியே தொங்கும். உள்ளே எஞ்சின் வைத்த இழுவைப் படகுகளைக் காணச் சென்னைக் காசிமேட்டுக்குப் போக வேண்டும்.

இப்படகுகளில் பலவற்றில் ஓடுவது, அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்கள் கடலுக்கு ஏற்ப மாற்றித் தரும் லாரி எஞ்சின் வகைதான். லாரியில் ஒழுகினால் காலையில் தரையில் கறை தெரியும். படகிலோ எண்ணெய் அடிப்பள்ளத்து நீரில் கலந்து, பம்ப் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. 1983 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள மார்போல் என்னும் கடல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையின் முதல் இணைப்பு, கப்பல்கள் வெளியேற்றும் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஈரமாக இருக்கும் இடமெல்லாம் கசிவின் பிறப்பிடம் அல்ல. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். எஞ்சின் பின்புறம் சாய்ந்து நிற்பதால் பின்னோக்கியும் ஓடும். எனவே முதலில் எஞ்சினைத் துடைத்து உலர்த்தி, முகப்பவுடர் தூவிச் சற்று நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மிக உயரத்தில் நனைந்த இடத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

டேப்பட் கவர் பேக்கிங், ஃபில்டர் அடிப்பகுதி, டிரெயின் போல்ட் ஆகியவை எளிதில் சரியாகும். ஆனால் போல்ட்டை வெறிகொண்டு இறுக்கினால் கார்க் பேக்கிங் பிதுங்கும், தகட்டு மூடி வளையும், ஒழுக்கு கூடும். தகட்டாலான ஆயில் சேம்பர் உப்புநீர் பட்டுத் துருப்பிடித்து ஓட்டையாவதும் உண்டு. அதற்குப் பேக்கிங் மாற்றிப் பயனில்லை.

ஆயில் சீலை மாற்றியும் மறுபடி ஒழுகினால், கிராங்க் கேஸ் வாயுவை வெளியேவிடும் பிரீதரைப் பார்க்க வேண்டும். அது அடைபட்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து வாயு கீழிறங்கினாலோ கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். அளவுக்கு மீறி ஆயில் ஊற்றுவதும் ஒழுக்கைக் கூட்டலாம்.

எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். பொருளின் விலை சொற்பம். ஆனால் அதை எட்ட ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர் பாக்ஸையும் ஃபிளைவீலையும் இறக்க வேண்டும். இடம் போதாத படகில் எஞ்சினையே தூக்க நேரிடும். பழைய சீல் கிராங்கில் பள்ளம் போட்டிருந்தால், அங்கே மெல்லிய உலோக உறை போடுவார்கள். அல்லது புதிய சீலைச் சற்றுத் தள்ளி அமர்த்துவார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இத்தகைய பெரிய வேலைகளுக்குத் தோதானது.

வெளியே சொட்டே இல்லாமல் ஆயில் குறைந்தால் ஆயில் கூலரைச் சந்தேகிக்கலாம். கடல்நீரால் குளிரும் கூலரில் குழாய் அரித்துப்போனால், எஞ்சின் ஓடும்போது எண்ணெய் புகைபோக்கி நீரோடு வெளியேறும். நின்றபின் உப்புநீர் உள்ளே புகலாம். அளவுக்கம்பியில் ஆயில் பால்காப்பி நிறத்தில் தெரிந்தால் எஞ்சினை இயக்கவே கூடாது. பழுது முடிந்ததும் துறைமுகத்தில் சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. சுமையோடு கடலில் ஓட்டி, எண்ணெய் சூடேறி இளகிய பிறகே மூட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.