உறையும் கூர்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'உறை' என்னும் சொல் பல பொருள் ஒருசொல். அது மழைத்துளியைக் குறிக்கும். பாலைத் தயிராக்கும் பிரையைக் குறிக்கும். வாள் முதலிய படைக்கலங்களை இட்டுவைக்கும் கூட்டையும் குறிக்கும். வினையாகும்போது 'தங்குதல்' என்னும் பொருள் தரும். மனிதர் தங்கும் இடம் உறையுள்; வாள் தங்கும் இடம் உறை. வாளுறைக்குத் 'தடறு' என்ற பழஞ்சொல்லும் உண்டு. மின்னலை உறையினின்று உருவிய வாளோடு ஒப்பிடுவது சங்கப் புலவர்க்குப் பழகிய உவமை. உருவிய பின் ஒளிரும் வாளைப் பாடிய புலவர் பலர். உருவும்வரை அவ்வொளியைக் காத்துத் தந்த உறை எப்பொருளால் ஆயது, அப்பொருள் கூர்மைக்கு நட்பா பகையா என்ற வினாவோ இலக்கிய ஆய்விலும் வரலாற்று ஆய்விலும் உரிய இடம் பெறவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூர்மை கெடும் வழிகள்

நன்கு தீட்டிய கத்தியின் வாய் மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியது. ஆதலின் அதனை அழிக்கப் பெருங்கேடு எதுவும் வேண்டுவதில்லை. இரண்டு சிறு காரணங்களே போதும். ஒன்று உராய்வு: தன்னை ஒத்த கடினப் பொருளின்மேல் உரசும்போது வாய் மடங்கும், அல்லது சிதறும். மற்றொன்று துரு: கண்ணுக்குப் புலனாகாத ஈரப்படலம் கூட வாயின் நுனியை முதலில் அரித்துவிடும். உறை என்பது இவ்விரண்டையும் தடுக்க அமைந்தது. ஆனால் பொருந்தாப் பொருளால் செய்த உறை இவ்விரண்டையுமே வளர்த்துவிடும். காக்க வந்ததே அழிக்கும் என்பதே உறையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் உண்மை.

தக்காணத்து மரவுறை

இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான சான்று தென்னிந்தியப் படை வரலாற்றிலேயே கிடைக்கிறது. லூயிஸ் எட்வர்டு நோலன் என்பவர் ஆங்கிலேயரின் 15-ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படைப் பிரிவைச் சார்ந்தவர். சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். 1854 அக்டோபர் 25-ஆம் நாள் பாலக்ளாவாப் போர்க்களத்தில் மாண்டவர். அவர் குதிரைப்படையின் வரலாறும் போர்முறையும் பற்றி எழுதிய நூல் 1853-இல் வெளிவந்தது. அந்நூலில் ஐதராபாத் நிசாமின் குதிரைவீரர்களைப் பற்றிய செய்தி ஒன்று உள்ளது.

அவ்வீரர்கள் பொருத மோதல் ஒன்றில் விளைந்த வெட்டுக்காயங்களைப் பற்றி மருத்துவர் தந்த அறிக்கை நோலனை வியப்பில் ஆழ்த்தியது. ஒரே வீச்சில் கையும் தலையும் துணிபட்டிருந்தன. இத்தகைய வாள்கள் எவ்வூரில் வடிக்கப்பட்டனவோ என்று அறிய விழைந்து அவர் வினவினார். கிடைத்த விடையோ வியப்பை இன்னும் மிகுவித்தது. அவை ஆங்கிலேயக் குதிரைப்படையினர் பயனற்றவை எனக் கழித்துவிட்ட பழைய வாள்கள். நிசாமின் வீரர்கள் அவற்றை வாங்கித் தம் மரபுப்படி கைப்பிடி மாற்றி, நன்கு தீட்டி, மரவுறையில் இட்டு வைத்திருந்தனர். போர்க்களத்தில் அன்றி அவற்றை உறையினின்று உருவுவதில்லை என்பதும் தெரியவந்தது.

ஆங்கிலேய வீரனின் கையில் மழுங்கியிருந்த அதே எஃகு, தக்காணத்து வீரனின் கையில் சவரக்கத்தி போலாயிற்று. வாள் மாறவில்லை, தீட்டும் வழக்கமும் உறையும் மாறின. ஆங்கிலேயப் படையினர் அந்நாளில் எஃகுறையைப் பயன்படுத்தினர். அணிவகுப்பிலும் பயிற்சியிலும் நாள்தோறும் வாளை உருவுவதும் செருகுவதுமாக இருக்கும்போது அதன் வாய் உறையின் விளிம்பில் உரசும். குதிரை ஓடுங்கால் உறைக்குள்ளேயே வாள் ஓயாது மோதி ஒலிக்கும். காலையில் தீட்டிய கூர்மை மாலைக்குள் அழிந்துபோக இதுவே போதும். எஃகுறை உறுதியானது, காண்பதற்கு எடுப்பானது, எளிதில் உடையாதது. இந்நலங்கள் அனைத்தும் உறைக்கு உரியவை; வாளுக்கு உரியவை அல்ல.

ஆங்கிலேயப் படை இப்பாடத்தை மெல்லவே கற்றது. 1908-ஆம் ஆண்டு வகைக் குதிரைப்படை வாளின் எஃகுறைக்குள் மரச்சட்டம் பதிக்கப்பட்டிருந்தது. புறத்தே இரும்பின் உறுதி, அகத்தே மரத்தின் மென்மை என்பதே முடிவாக எட்டப்பட்ட உடன்பாடு. இந்திய வாளுறைகளிலோ உள்ளே மரமும் மேலே தோலோ மகமலோ போர்த்தும் முறை முன்னரே பரவலாக இருந்தது.

மரம் ஏன் பொருந்தியது?

மரம் எஃகினும் மென்மையானது. உரசினால் தேய்வது மரமே, வாயன்று. மேலும் அது வாளில் தடவிய எண்ணெயைச் சிறிது உறிஞ்சி வைத்துக்கொண்டு மீண்டும் வாளுக்கே வழங்கும். ஆயினும் எல்லா மரமும் ஒன்றல்ல. ஓக் மரம் அமில ஆவியை வெளியிட்டு இரும்பை அரிக்கும். தேக்கில் அறைந்த இரும்பாணி நெடுங்காலம் கெடாதிருப்பதைக் கப்பல் கட்டுவோர் பண்டே அறிந்திருந்தனர். தேக்கின் எண்ணெய்ப்பசையே அதற்குக் காரணம்.

சப்பானியர் இத்துறையில் காட்டிய நுட்பம் தனித்துக் கூறத்தக்கது. அவர்கள் வாளுறைக்கு 'ஹோ' என்னும் மென்மரத்தைத் தேர்ந்தனர். இரு பாதிகளாகக் குடைந்து சோற்றுப் பசையால் ஒட்டினர். வன்பசை வேண்டாமென விட்டதற்குக் காரணம் உண்டு. உறைக்குள் துருவோ தூசியோ சேர்ந்தால் அதனைப் பிளந்து துப்புரவு செய்து மீண்டும் ஒட்ட வேண்டும். வாளின் அடியில் பொருத்திய உலோக வளையம் உறையின் வாயில் இறுகப் பற்றிக்கொள்வதால், வாள் எப்பக்கமும் அழுந்தாமல் உறைக்குள் நிற்கும்.

தோலுறையின் இருமுகம்

தோல் மென்மையானது, ஒலி எழுப்பாதது, இடுப்பில் கட்டி நடக்க ஏற்றது. உராய்வு என்ற பகையைத் தோல் வென்றுவிடும். ஆனால் துரு என்ற பகைக்கு அதுவே வாயிலாகிவிடுகிறது. தமிழகத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நெடுங்காலம் பயன்பட்டன. இவற்றின் துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்போடு கூடினால் கருநிறப் பொருள் ஒன்று பிறக்கும். கடுக்காய் நீரோடு அன்னபேதியைச் சேர்த்துப் பண்டு மை காய்ச்சியதும் இவ்வடிப்படையிலேதான். எழுதுவோர்க்கு மையைத் தந்த அதே சேர்க்கை, ஈரத்தோலில் கிடந்த கத்திக்குக் கறையும் அரிப்பும் தந்தது. தோல் மழையில் நனைந்தால் ஈரத்தை எளிதில் விடுவதில்லை என்பதும் கூடுதல் கேடு. எனவே தோலுறை வழிநடைக்கு நன்று. நெடுநாள் வைப்புக்குத் தீது.

எழுத்தாணியின் ஓலையுறை

உறையின் வரலாறு போர்க்களத்தோடு முடிவதன்று. தமிழ்ப் புலவரின் கையில் இருந்த கூர்ங்கருவி எழுத்தாணி. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை விளக்கியுள்ளார். வாரெழுத்தாணி ஓலையை வாருதற்குரிய கத்தியோடு கூடியது. அதற்குப் பனையோலையாலேயே உறை செய்து செருகிவைப்பர். மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியும் பிடிக்குள்ளேயே மடங்கி அமையும். அதற்குத் தனி உறை வேண்டியதில்லை.

எழுதப்படும் பொருளே எழுதுங் கருவிக்கு உறையானது ஈண்டு நோக்கத்தக்கது. எழுத்தாணியின் முனை நாளெல்லாம் எதன்மேல் உழைத்ததோ அதிலேயே இளைப்பாறிற்று. ஓலை மென்மையானது, எளிதில் கிடைப்பது, ஈரம் பட்டால் எறிந்துவிட்டு வேறு முடைந்துகொள்ளத்தக்கது. முனை மழுங்கிய எழுத்தாணி ஓலையைக் கிழிக்கும், எழுத்துச் சிதையும், ஏட்டைப் படியெடுப்போர் பிழைபடுவர். ஆகவே உறையைப் பேணுதல் பாடத்தைப் பேணுதலின் ஒரு பகுதியே ஆகும். இலங்கையில் கண்டி அரசுக்காலத்து அலங்காரக் கத்திகளின் மரவுறையில் எழுத்தாணிக்கும் ஓரிடம் ஒதுக்கிய வழக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது.

பனையேறியின் பாளையருவாளும் இவ்வினத்ததே. பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவினால்தான் பதநீர் தடையின்றி ஊறும். மழுங்கிய வாய் பாளையை நசுக்கி ஊற்றை அடைத்துவிடும். எனவே அவ்வருவாளை இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிக்குள் பனையேறி காத்துவைப்பான். அவனுக்கு ஒருநாள் கூர்மை என்பது ஒருநாள் கூலி.

மதுரை வட்டாரம்

செங்கல், சுண்ணாம்புச் சூளைகளின் பெயரைத் தாங்கி மதுரையின் மேற்கே நிற்பது காளவாசல். நகரின் கிழக்கே மானாமதுரைச் சாலையில் உள்ள திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். பழைய லாரிகளின் வில்பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து வடிக்கும் அருவாள் கூர்மையை நன்கு ஏற்கும். துருவையும் அவ்வாறே விரைந்து ஏற்கும். எனினும் உழவரின் அருவாளுக்கு உறை செய்யும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை. அடுப்புப் புகை படியும் கூரையின் இறவாணத்தில் செருகுவதே வழக்கம். காய்ந்த ஓலையும் புகையும் ஈரத்தை விலக்கின. ஓலைக்கூரையே அருவாளுக்கு உறையாயிற்று எனலாம். ஓட்டு வீடும் காரை வீடும் வந்தபின் அவ்வுறை மறைந்தது. எண்ணெய்த்துணியும் சாக்கும் அவ்விடத்தைப் பெற்றன.

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துவிடும் அருவாள்களுக்கும் உறை கிடையாது. அவை வெட்டுதற்கு அல்ல, அஞ்சுதற்கும் வணங்குதற்கும் உரியவை. கூர்மை வேண்டாதபோது உறையும் வேண்டுவதில்லை.

வாளுறை செய்யும் தொழில் தமிழகத்தில் தேய்ந்ததற்கு அரசியல் காரணமும் உண்டு. பாளையக்காரர் போருக்குப் பின் 1801-இல் ஆங்கிலேயர் தென்பகுதியில் படைக்கலங்களைத் தடைசெய்தனர். 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் அத்தடையை நாடெங்கும் விரித்தது. வாள் போனபின் உறை செய்வோர்க்கு வேலையில்லை. அருவாள் உழவுக்கருவியாதலின் உலைக்களம் பிழைத்தது. அதற்கு உறை வேண்டாமையால் உறைக்கலை பிழைக்கவில்லை.

துருவில் எழுதிய சான்று

2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 அளவிற்குக் கொண்டுசெல்கிறது. கீழடியை அடுத்த கொந்தகையில் 2021-இல் முதுமக்கள் தாழி ஒன்றனுள் மரக்கைப்பிடியோடு கூடிய இரும்புவாள் ஒன்று கிடைத்தது. மண்ணில் மரம் மக்கிப்போவதே இயல்பு. ஆனால் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் மரமும் தோலும் துணியும், இரும்பின் துரு உள்ளே ஊறி உறைவதால் தம் வடிவம் மாறாது நிற்பதுண்டு. இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் கல்லறை வாள்களில் மரவுறைக்குள் ஆட்டுரோமம் பதித்திருந்த செய்தி இவ்வாறு துருவில் பதிந்த தடங்களாலேயே தெரியவந்தது. உரோமத்தின் நெய்ப்பசை வாளைக் காத்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து.

இதனால் ஒரு கடமை பிறக்கிறது. அகழ்ந்தெடுத்த வாளைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் துருவைச் சுரண்டினால், அதனோடு உறையின் கடைசிச் சான்றும் போய்விடும். தமிழரின் பழைய வாளுறை எம்மரத்தால் ஆயது என்ற வினாவிற்கு விடை ஏடுகளில் இல்லாவிடினும் துருவில் இருக்கக்கூடும். இரும்பின் காலத்தை அளக்கும் அறிவியல், அவ்விரும்பு உறங்கிய மரத்தையும் இனங்காண வல்லது. இரும்பை மட்டும் தேடுவோர்க்கு அது வெறும் அழுக்கு.

ஒளவையார் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றபோது பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 95-ஆம் பாடல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல்மிக்க மனையில் பொலிந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனைமுறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. பேணுதலை இப்பாடல் பழித்ததாகக் கொள்வது பொருந்தாது. பயன்கொள்ளாது பேணுதலையே அது நகைத்தது. நிசாமின் வீரன் இரண்டையும் அறிந்திருந்தான். களத்தில் அன்றி உருவாத அவன், உருவும் நாளுக்காகவே வாளைத் தீட்டி மரத்துள் வைத்தான். மொழியைப் பேணுவோரும் பாடுவோரும் ஓரவையில் கூடியிருக்கும் இலக்கிய வட்டங்கட்கு அவ்வீரன் வைத்திருந்த மரவுறை அயலான செய்தி அன்று.