அடுப்பும் கழிப்பறைக் குழியும்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் முகாம் வாழ்க்கை, 1861–1865

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல்களில் பெரும்பங்கு போர்க்களங்களுக்கே போய்விடுகிறது. படைவீரனின் நாட்களில் பெரும்பங்கோ முகாமில் கழிந்தது. சாவும் பெரும்பாலும் அங்கேதான் வந்தது. வடக்கின் ஒன்றியப் படையில் இறந்த சுமார் 3,60,000 பேரில் ஏறத்தாழ 2,24,000 பேர் நோயால் மாண்டவர்கள். முகாமில் வாழும் முறையைப் படைகள் இந்த நான்கு ஆண்டுகளில்தான் கற்றன. அதில் மேலிடத்து ஆணைக்கு எவ்வளவு பங்கு, வீரர்களே கண்டுகொண்ட வழக்கங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1861இல் திரண்டவர்களில் பலர் பண்ணை இளைஞர்கள். சிறு வயதில் தட்டம்மை வராதவர்கள் ஒரே இடத்தில் குவிந்ததும் அது படைப்பிரிவுகளை முடக்கியது; பின்னாலேயே டைபாய்டும் வயிற்றுப்போக்கும் வந்தன. அப்போது பரவலாக இருந்தது, 1856இல் காப்புரிமை பெற்ற சிப்லி கூடாரம். அமெரிக்கப் பழங்குடியினரின் கூம்புக் குடிலைப் பார்த்துச் செய்யப்பட்டது. பன்னிரண்டு பேர் நடுக்கம்பத்தை நோக்கிக் கால் நீட்டி வட்டமாகப் படுப்பார்கள். மழைநாளில் வாயிலை மூடிவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். (அதை வடிவமைத்த சிப்லி தென் படையில் சேர்ந்துவிட்டார், கூடாரம் வடக்கிலேயே நின்றது.) கழிப்பறைக்கென வெட்டிய நீள் குழிகளை யாரும் விரும்பவில்லை. மரத்தடியும் புதரும் போதும் என்றிருந்தார்கள். முகாம் இருந்த சரிவின் கீழேதான் குடிநீர் ஓடையும் இருந்தது.

1861 ஜூனில் அமைந்த ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஆணையம் முதலில் கைவைத்தது இதில்தான். அதன் செயலர், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். ஆணையத்தின் ஆய்வாளர்கள் முகாம் முகாமாகச் சென்று வடிகால், குழி, சமையல் எல்லாவற்றையும் பார்த்து எழுதினார்கள். ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் மானக்கேடு வருமே என்ற அச்சம் சில தளபதிகளை அசைத்தது.

உணவில் சிக்கல் வேறு மாதிரி. தாளில் பார்த்தால் படியளப்பு தாராளம்: நாளுக்கு 12 அவுன்ஸ் பன்றி இறைச்சி அல்லது 20 அவுன்ஸ் மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு ஹார்ட்டேக், கூடவே பீன்ஸ், காப்பி, சர்க்கரை. ஹார்ட்டேக் என்பது மாவும் நீரும் மட்டுமே சேர்ந்த சதுர பிஸ்கட். பல்லுக்கு மசியாததால் துப்பாக்கியின் அடிக்கட்டையால் உடைத்துக் காப்பியில் போடுவார்கள். புழுக்கள் மேலே மிதந்து வரும். அவற்றை வழித்தெறிந்துவிட்டுக் குடிப்பார்கள். சமைக்கத் தெரிந்தவர்தான் இல்லை. முறைவைத்து யாரையோ அடுப்படிக்கு அனுப்பினால், அரைவேக்காட்டுப் பீன்ஸும் கொழுப்பில் மிதக்கும் வறுவலும்தான் வந்தன. 1862இல் ஜேம்ஸ் சாண்டர்சன் படைவீரர்களுக்கென ஒரு சமையல் கையேடு எழுதியது இந்த அவலத்தைப் பார்த்துத்தான்.

திருப்பம் இரு கட்டங்களில் வந்தது. 1862 ஜூலையில் ஒன்றியத்தின் பொட்டோமாக் படையின் மருத்துவ இயக்குநரான ஜோனதன் லெட்டர்மேன், கழிப்பறைக் குழியில் நாள்தோறும் ஆறு அங்குல மண் போடவேண்டும், மேலே இரண்டடி மீதமிருக்கையில் புதுக்குழி வெட்டவேண்டும் என்று வரையறுத்தார். 1863 ஜனவரியில் அந்தப் படைக்குத் தலைமையேற்ற ஜோசப் ஹூக்கர், வர்ஜீனியாவின் பால்மத் முகாமில் ரொட்டி அடுப்புகள் கட்டவைத்தார். வாரம் நான்கு முறை புது ரொட்டி, இரு முறை உருளைக்கிழங்கு அல்லது வெங்காயம். காய்கறிக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் தணிந்தது. களத்தில் ஹூக்கர் பெற்ற பெயர் எப்படியானாலும், அந்தக் குளிர்காலத்தில் படையை மீட்டெடுத்தவர் அவர்தான். அதே ஆண்டு மார்ச்சில் வந்த சட்டம், சமையலுக்கென ஆட்களை ஒதுக்கியதோடு, கறுப்பினத்தவரை 10 டாலர் மாதச் சம்பளத்தில் துணைச் சமையலர்களாகச் சேர்க்கவும் வழிவிட்டது. வெள்ளைச் சிப்பாய்க்கு அப்போது 13 டாலர்.

ஆனால் சட்டம் எதிர்பார்த்த பொதுச் சமையல், படை நடக்கத் தொடங்கியதும் சிதறிவிடும். ஆளுக்கொரு பாதித் துணி; இருவர் அதைப் பொத்தானிட்டு இணைத்தால் தவழ்ந்து நுழையும் ‘நாய்க் கூடாரம்’. அதன் வாசலிலேயே, கம்பிப் பிடி கட்டிய தகர டப்பாவில் அவரவர் காப்பி கொதிக்கும். கிருமிகளைப் பற்றி மருத்துவர்களே அறியாத காலம் அது. இருந்தும் நாளுக்குப் பலமுறை கொதித்த நீரே வயிற்றுக்குள் போனது. சீர்திருத்தங்களின் பட்டியலில் இந்தத் தகர டப்பாவுக்கும் இடம் தரவேண்டும் என்பது என் கணிப்பு.

தெற்கில் அந்தக் காப்பியும் இல்லை. கடல் முற்றுகையால் சிக்கரியும் வறுத்த ஓக் மரக் கொட்டையும் அதன் இடத்தைப் பிடித்தன. ராப்பஹானக் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் காவல் நின்றவர்கள், சிறு மரப்படகுகளை மிதக்கவிட்டுப் புகையிலைக்குக் காப்பி மாற்றிக்கொண்டார்கள். 1863 மார்ச்சில் தென் படைத் தளபதி ராபர்ட் ஈ. லீ எழுதிய கடிதப்படி, அவருடைய வீரனுக்கு நாளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 18 அவுன்ஸ் மாவும் 4 அவுன்ஸ் உப்பிட்ட பன்றி இறைச்சியும்தான். ஸ்கர்வியைத் தடுக்கக் காட்டு வெங்காயமும் சாசஃப்ராஸ் மொட்டும் பறித்துவர ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் தினமும் ஆட்கள் போனார்கள். என்ன தேவை என்று தெற்கும் அறிந்தே இருந்தது. கொண்டுவரத்தான் ரயிலும் களஞ்சியமும் போதவில்லை.

1864 ஜூனில் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகர முற்றுகை தொடங்கியபின் இரு படைகளுக்கும் இடையிலான இந்த இடைவெளி வெளிப்படையானது. ஜேம்ஸ் ஆற்றங்கரையின் சிட்டி பாயின்டில் ஒன்றியப் படை நிறுவிய ரொட்டிக்கூடங்கள் நாளுக்குச் சுமார் 1 லட்சம் ரொட்டிகள் சுட்டன. ரயில் அவற்றைப் பதுங்குகுழிகளின் பின்புறம் வரை கொண்டுசென்றது. 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமட்டாக்ஸில் சரணடைந்த லீ, தம் ஆட்களுக்கு உணவு இல்லை என்றார். ஒன்றியப் படைத் தளபதி கிரான்ட் 25,000 பேருக்கான படியை அனுப்ப உத்தரவிட்டார்.