டிபி மாத்திரைக்கும் அடங்காத இருமல்... கல் தூசியால் வரும் சிலிகோசிஸ்: ஓசூர், கிருஷ்ணகிரி தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பல மாதமாக வறட்டு இருமல். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாக நிழல். இந்த மூன்றும் சேர்ந்தால் நம்ம ஊரில் முதலில் சொல்லப்படும் பெயர் டிபி. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்த நபர் பத்து வருஷம் குவாரியில் பாறைக்குத் துளை போட்டவராகவோ, கிரானைட் பலகைக்கு பாலிஷ் போட்டவராகவோ இருந்தால் டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: "என்ன வேலை பார்க்குறீங்க?"

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதால்தான் சிலிகோசிஸ் என்ற நோய் பெரும்பாலும் கணக்கிலேயே வராமல் போகிறது.

சிலிகோசிஸ் என்றால் என்ன?

பாறை, மணல் இரண்டிலும் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்குவதால் வரும் நோய் இது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் 'கறுப்பு நுரையீரல்' நோய்க்கு இது அண்ணன் தம்பி மாதிரி. அங்கே கரித்தூசி, இங்கே கல்தூசி.

கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, தெரியாத தூசிதான் இதில் ஆபத்து. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்து சளியோடு வெளியே தள்ளிவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் அப்படியில்லை. (ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) அவை நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அந்தத் துகளை விழுங்கும், ஜீரணிக்க முடியாமல் செத்துப்போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். செல் செத்ததும் துகள் மறுபடி வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். வேலையை விட்டு வருஷக்கணக்கானபிறகும் நோய் முற்றிக்கொண்டே போக இதுதான் காரணம்.

வழக்கமாக 10 வருஷத்துக்கு மேல் தூசியில் வேலை பார்த்தபிறகே நோய் வெளியே தெரியும். தூசி அதிகமென்றால் 5 முதல் 10 வருஷத்திலேயே வரலாம். சாண்ட் பிளாஸ்டிங் மாதிரி மூடிய இடத்தில் புகைமூட்டம் போல தூசி கிளம்பும் வேலைகளில் சில மாதங்களிலேயே தாக்கி உயிரைப் பறித்த சம்பவங்களும் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கு. முழுசாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

இந்தப் பகுதியில் யாருக்கெல்லாம் ஆபத்து?

2004-ல் தர்மபுரியில் இருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாம்பழத்தைப் போலவே கிரானைட்டும் அடையாளம். இங்கே வெட்டப்படும் 'பாரடைசோ' ரகக் கல், வெளிநாட்டு சமையலறை மேடை வரை போகுது. குவாரியில் ஜாக்ஹேமர் பிடிப்பவர், கல் அறுக்கும் மெஷினில் நிற்பவர், பாலிஷ் போடுபவர், கிரஷரில் ஜல்லி அள்ளுபவர் எல்லாருமே இந்த வட்டத்துக்குள் வருவார்கள். ஓசூர் பக்கம் வார்ப்பாலைகளில் மணல் அச்சை உடைத்து, வார்ப்பைச் சுத்தம் செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'நான் கல் வேலை பார்க்கலையே' என்று அவர்கள் நினைப்பதுண்டு. அச்சு மணலும் சிலிக்காதான்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சந்தையில் 'கிரானைட்' என்று விற்பதெல்லாம் ஒரே கல் இல்லை. கறுப்பு கிரானைட் எனப்படுவது உண்மையில் டாலரைட் மாதிரி வேறு வகைப் பாறை, அதில் குவார்ட்ஸ் ரொம்பக் குறைவு. சிவப்பு, சாம்பல், பல நிறம் கலந்த கற்களில் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கும். எல்லாவற்றையும் மிஞ்சுவது தொழிற்சாலையில் தயாராகும் செயற்கை குவார்ட்ஸ் பலகை. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். அதை அறுத்த இளைஞர்களுக்கே நோய் வந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தப் பலகைக்குத் தடையே போட்டுவிட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த கதை

இந்த நோய் இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டம் கர்நாடகாவின் கோலார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபோது, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழ் மாவட்டங்களில் இருந்து போனவர்கள். கோலார் தங்கவயலில் இன்றைக்கும் தெருவில் தமிழ் கேட்பது அதனால்தான். அங்கே தங்கம் ஒளிந்திருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தில் அதே குவார்ட்ஸை உடைத்து, அதன் தூசியைச் சுவாசித்தார்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் ஆய்வாகப் பதிவானதும் 1940-களில் கோலாரில்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

ஆனால் கோலாரில் ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரே நிறுவனம், பெரிய மருத்துவமனை, தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் குடியிருப்பு. அதனால் நோயாளி கண்ணில் பட்டார். இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரி அப்படியில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வருகிறவர் ரெண்டு வருஷம் ஒரு குவாரி, மூணு வருஷம் இன்னொரு பாலிஷ் ஆலை என்று மாறுகிறார். பெரும்பாலும் ஒப்பந்ததாரர் மூலமாகத்தான் சம்பளம். மூச்சு முட்ட ஆரம்பிக்கும்போது அவர் சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார். அங்கிருக்கும் டாக்டருக்கு கிருஷ்ணகிரி குவாரியும் தெரியாது, அவர் பார்த்த வேலையும் தெரியாது.

டிபியா, சிலிகோசிஸா? ரெண்டுமா?

சிலிகோசிஸ் இருப்பவருக்கு டிபி தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தூசியை விழுங்கிச் செத்த காவல் செல்கள்தான் டிபி கிருமியையும் எதிர்க்க வேண்டியவை. அதனால் 'டிபி இல்லை, இது தூசி நோய்' என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, மருந்து முடிந்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை என்றால், வேலை விவரத்தைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லணும். வேலை வரலாறும் எக்ஸ்ரேவும் சேர்ந்தால்தான் சிலிகோசிஸை உறுதி செய்ய முடியும். நுரையீரல் புற்றுநோய் அபாயமும் இருக்கு. சிலிக்கா தூசியை 1997-லேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

சட்டத்தில் குறை சொல்ல முடியாத அளவுக்கு எழுதியிருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் சிலிகோசிஸும் ஒன்றாக இருந்தது. நிர்வாகம் மட்டுமில்லை, சிகிச்சை தரும் டாக்டரும் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கணும் என்றது அதன் 89-வது பிரிவு. தெரிவிக்காத டாக்டருக்கு அந்தச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. ஒரு சி.டி. ஸ்கேன் செலவுக்குக்கூட காணாது. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இந்த நோய் இருக்கு.

இழப்பீட்டில்தான் சிக்கல். பாலிஷ் ஆலை என்றால் தொழிற்சாலை, அங்கே இ.எஸ்.ஐ. பொருந்தும். குவாரியோ சட்டப்படி சுரங்கம். 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் 'தொழிற்சாலை' வரையறையில் சுரங்கம் சேரவில்லை. குவாரித் தொழிலாளி 1923-ம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி ஆணையரிடம் போக வேண்டியிருந்தது. வேலையை விட்டபிறகு நோய் வெளிப்பட்டாலும் கேட்க அதில் இடம் இருந்தது. ஆனால் 'எங்கே, எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க' என்பதற்குக் காகிதம் வேணும். சம்பளச் சீட்டே பார்க்காதவர் எதைக் காட்டுவார்?

மாநில எல்லை தாண்டியும் பொறுப்பு உண்டு என்று காட்டிய வழக்கு ஒன்று இருக்கு. மத்தியப் பிரதேச பழங்குடி மக்கள் குஜராத்தின் கோத்ரா பகுதி குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய், நோயோடு ஊர் திரும்பி இறந்தார்கள். இறந்த 238 பேர் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயை குஜராத் அரசு தரணும் என்று 2016 மே மாதம் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் இதைப் பரிந்துரைத்தது 2010-ல். ஆறு வருஷம் போச்சு. ராஜஸ்தான் அரசு இந்த நோய்க்கென்றே 2019-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது.

தடுக்க என்ன வழி?

தண்ணீர்தான் முதல் மருந்து. துளை போடும்போதும் கல் அறுக்கும்போதும் தண்ணீர் பாய்ச்சினால் தூசி கிளம்புவது பெருமளவு குறையும். ஆலைக்குள் தூசியை உறிஞ்சும் கருவி வேணும். இதெல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியது. துண்டையோ கர்ச்சீப்பையோ மூக்கில் கட்டினால் நுண்தூசி நிற்காது, குறைந்தது என்95 முகக்கவசம் தேவை, அதுவும் முகத்தோடு ஒட்டியிருக்கணும். ஷிப்ட் முடிஞ்சதும் கம்ப்ரசர் காற்றை உடம்பில் அடித்துத் தூசி தட்டும் பழக்கத்தை உடனே விடணும். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். பீடி, சிகரெட் இந்த நுரையீரலை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

தூசி வேலையில் இருப்பவர்கள் வருஷம் ஒருமுறை எக்ஸ்ரேவும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் எடுப்பது நல்லது. அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடாமல் கையோடு வாங்கி வைக்கணும். அடையாள அட்டை, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, நலவாரிய அட்டை, சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், இதில் எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்க. ஓ.பி. சீட்டில் 'கிரானைட் பாலிஷ், 8 வருஷம்' என்று வேலையையும் எழுதச் சொல்லிக் கேளுங்க. பத்து வருஷம் கழிச்சு இன்னொரு மாநிலத்தில், இன்னொரு டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்த ஒரு வரி சாட்சியாக நிற்கும்.