நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. வேறுபாடுகளும் நோய் வாய்ப்பும்: புதுச்சேரிக்கு வேண்டிய ஆய்வு

1. பொருள்

மனித மரபணுத்தொகையில் புரதத்துக்கான குறியீடு இருப்பது ஏறத்தாழ 2% பகுதியில்தான். மற்ற பகுதியிலிருந்தும் செல் ஓயாமல் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அவற்றுள் 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீண்டு, புரதமாக மாறாமலே வேலை செய்பவற்றை நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று வகுத்திருக்கிறார்கள். நோயுள்ளவர், அற்றவர் ஆகியோரின் மரபணுத்தொகைகளை முழுவதுமாக ஒப்பிட்ட ஆய்வுகளில் பிடிபட்ட ஒற்றை எழுத்து மாற்றங்களில் பத்துக்கு ஒன்பது, குறியீட்டுப் பகுதிக்கு வெளியேதான் கிடக்கின்றன. ஆகவே நோய் வாய்ப்பைப் புரதத்தை மட்டும் பார்த்துக் கணிக்க முடியாது.

2. தலைமைச் சான்று: அன்ரில்

2007-இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பிரெஞ்சு ஆய்வாளர்கள், தோல் புற்றும் நரம்பு மண்டலக் கட்டிகளும் தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராயும்போது 9-ஆம் குரோமோசோமில் அன்ரில் என்ற நீள் ஆர்.என்.ஏ.வைக் கண்டனர். அதே ஆண்டில் கனடா, ஐஸ்லாந்து குழுக்கள் மாரடைப்போடு தொடர்புடைய மாற்றங்களை அந்த இடத்திலேயே கண்டன. தனக்குள் புரத மரபணு எதுவும் இல்லாத வெற்று நிலமாகத் தோன்றிய துண்டு அது. அன்ரிலின் உடல் அதன் மேல்தான் நீண்டிருந்தது. ஐஸ்லாந்துக் கணக்கில் ஆபத்து வடிவத்தை இரு பிரதியிலும் சுமப்போர் மக்களில் சுமார் 21%. அவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, அது இல்லாதவர்களைப் போல் 1.64 மடங்கு.

தொடர்பு தெரிந்தது, காரணம் எளிதில் தெரியவில்லை. அந்த டி.என்.ஏ. துண்டு பக்கத்து மரபணுக்களைத் தூண்டும் இடமாகவே வேலை செய்கிறது, ஆர்.என்.ஏ. உடன்விளைவுதான் என்ற வாதத்துக்கும் வலுவான சான்றுகள் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் குருத்தணுவிலிருந்து இரத்தக்குழாய்த் தசைச் செல்களை வளர்த்து, ஆபத்துப் பகுதியை வெட்டி நீக்கினர், செல்கள் சீராயின. ஆபத்து வடிவம் இல்லாத செல்களில் அன்ரிலின் குறு வடிவங்களை மட்டும் ஏற்றியபோது கோளாறு தோன்றியது. ஆர்.என்.ஏ.வே குற்றவாளி என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன்.

3. செயல்படும் வழிகள்

மாற்றம் சில இடங்களில் ஆர்.என்.ஏ.வின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். மார்பகப் புற்றுப் பரவலோடு தொடர்புள்ள ஹோட்டேர் என்ற ஆர்.என்.ஏ. இவ்வகை; அதன் இரு மாற்றங்களைத் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகக் குழு இந்தியப் பெண்களிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டது. வேறு சிலவற்றில் வடிவமே மாறுகிறது: அன்ரில் நேர்கோட்டிலும் வட்டமாகவும் உருவாகிறது, வட்ட வடிவம் இரத்தக்குழாயைக் காக்கிறது. மூன்றாவது வகை பிடிமானம் சார்ந்தது. கோதுமைப் புரதத்தைக் குடல் தாங்காத சீலியாக் நோயில், எல்.என்.சி.13 என்ற ஆர்.என்.ஏ. ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அழற்சி மரபணுக்களை அடக்கி வைக்கிறது. நோயோடு தொடர்புள்ள வடிவம் அப்புரதத்தைச் சரியாகப் பற்றுவதில்லை.

4. புதுச்சேரியின் முன்னோடி

மரபணு வடிவங்களை உள்ளூர் மக்களிடமே எண்ணிப் பார்த்த முன்மாதிரி இங்கேயே உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவ நிறுவனம். அதன் மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் குழுவினர், பாரிஸின் இன்செர்ம் நிறுவனத்தோடு சேர்ந்து, வார்ஃபரின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி.2சி9 மரபணுவின் வடிவங்களைத் தமிழரிடம் எண்ணி 2003-இல் வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காணும் இரண்டாம் வடிவம் தமிழரிடம் மூன்றுக்கும் குறைவு. மூன்றாம் வடிவமோ ஏறக்குறைய அவர்கள் அளவே. பின்னர் தெலுங்கர், கன்னடர், மலையாளிகளிடமும் எண்ணினர். அவ்வளவு அடக்கமான, அவ்வளவு தேவையான வேலை!

புரத மரபணுவிலேயே இத்தனை வேறுபாடு என்றால், குறியீடற்ற பகுதியில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். அங்கே பிடிபடும் எழுத்து பெரும்பாலும் அடையாளக் கொடி மட்டுமே; உண்மையில் வேலை செய்யும் மாற்றம் அதனோடு பிணைந்து அருகில் இருக்கும். அந்தப் பிணைப்பு மக்களுக்கு மக்கள் மாறும். ஐரோப்பியத் தரவில் செய்த ஆபத்து மதிப்பெண்ணை, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் மருத்துவச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும் கடலூர்க்காரர் மீது அப்படியே ஏற்றுவது அறிவியல் ஆகாது.

5. மாதிரி எடுக்கும் முறை

ஆகவே இந்த ஆய்வை இங்குள்ள மக்களிடமே செய்ய வேண்டும். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. நூற்றாண்டுகளாக அகமணத்தில் வாழ்ந்த சமூகங்கள் நம்முடையவை. ஒவ்வொன்றிலும் சில வடிவங்கள் தற்செயலாகப் பெருகியிருக்கும். விழுப்புரம், கடலூர்க் கிராமத்து நோயாளிகளை நகரத்து இரத்தக் கொடையாளரோடு ஒப்பிட்டால், சமூக வேறுபாடு நோய்க் காரணமாக வேடமிடும். எனவே ஊர், தாய்மொழி, உட்சமூகம், உறவுமுறைத் திருமணம் ஆகியவற்றை ஒப்புதல் பெற்றுப் பதிந்து, இரு தரப்பிலும் ஈடு செய்தாக வேண்டும். பெயர் மறைப்பும் கட்டாயம். இரத்தத்தில் எழுத்தைப் படிப்பதோடும் நிற்கக் கூடாது. நீள் ஆர்.என்.ஏ.க்கள் திசுவுக்குத் திசு வெவ்வேறு அளவில் வெளிப்படுவதால், இதய அறுவையில் அகற்றப்படும் குழாய்த் துண்டு போன்றவற்றில் அன்ரிலின் நேர், வட்ட வடிவங்களைத் தனித்தனியே அளக்க வேண்டும். அந்த அளவு, அவரவர் சுமக்கும் எழுத்தைப் பொறுத்து மாறுகிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.