பெயர் பொறித்த கருவியும் பெயரற்ற கருவியும்

கருவிகள் பேசுவதில்லை, ஆயினும் சில கருவிகள் தம் பெயரைச் சொல்லும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடப்பட்ட குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் துருவைத் துடைத்துப் பார்த்தால், அதனைச் செய்த நிறுவனமும் ஊரும், சிலவற்றில் காப்புரிமை பெற்ற நாளும்கூட, அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வேறு சில கருவிகளோ எவ்வளவு துடைத்தாலும் வாய் திறப்பதில்லை. இவ்விரு வகையிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு சற்றே சிந்திப்போம். ஒன்று, அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய 'யாங்கி' என்னும் சுருள்புரித் திருப்புளி. மற்றொன்று, நம் கரிசல் நாட்டுத் தச்சர்களும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட துறப்பணம்.

துறப்பணம் என்பது மரத்தில் துளையிடும் கருவி. செங்குத்தான ஒரு தண்டு. அதன் கீழ்முனையில் தட்டையான இரும்பு அலகு. மேல்முனையை அழுத்திப் பிடிக்க ஒரு குமிழ் அல்லது கொட்டாங்கச்சி. தண்டின் நடுவே ஒரு வில்லின் கயிற்றைச் சுற்றி, வில்லை முன்னும் பின்னுமாக இழுப்பார்கள். முன்னே இழுக்கும்போது தண்டு ஒரு புறம் சுழலும். பின்னே இழுக்கும்போது மறுபுறம் சுழலும். அலகின் இரு பக்கமும் வெட்டும் ஆதலால் எந்த இழுப்பும் வீணாவதில்லை. நேர்க்கோட்டில் செல்லும் கையசைவைச் சுழற்சியாக மாற்றும் இந்நுட்பம் மனித இனத்தின் மிகப் பழைய அறிவுச் செல்வங்களுள் ஒன்றாகும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் தச்சர் செய்தவை ஏரும் நுகத்தடியும் வண்டியும் கதவு நிலையுமே. கருவேல மரமும் வேம்பும் அவர்தம் கைப்பொருள். கழுந்தைத் துளையில் பொருத்தி, குறுக்கே மர ஆணி அறைந்து பிணைப்பது அவர்கள் முறை. கோடையில் வெடித்துப் பிளந்தும், மழையில் பொங்கிப் பசையாகியும் மாறும் கரிசல் மண்ணைப் போலவே, அங்குள்ள மரமும் வறட்சியில் சுருங்கும், ஈரத்தில் விரியும். தளர்ந்த மர ஆணியை இரண்டு தட்டுத் தட்டினால் பிணைப்பு மீண்டும் இறுகிவிடும். எனவே திருகாணியின் தேவை அங்கு மிகுதியாக எழவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. 1876ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. கோவில்பட்டி அப்பாதையில் அமைந்தது. 1888ஆம் ஆண்டு ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலை தூத்துக்குடியில் எழுந்தது. 1901ஆம் ஆண்டு கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, கருங்கண்ணிப் பருத்தியைச் செம்மைப்படுத்தும் பணி அங்கே வேரூன்றியது. பருத்தியைத் தொடர்ந்து அரைவை ஆலைகளும் நூற்பு ஆலைகளும் இரும்பு இயந்திரங்களும் வந்தன. திருகாணிகளும் உடன் வந்தன.

திருகாணிக்கு முன் துறப்பணத்தின் நுட்பம் போதாமற் போகிறது. முன்னோக்கிய சுழற்சி ஆணியை உள்ளே செலுத்தும். பின்னோக்கிய சுழற்சியோ செலுத்தியதை வெளியே எடுத்துவிடும். கை திரும்பி வரவும் வேண்டும். செய்த வேலை கலையாமலும் இருக்க வேண்டும். இச்சிக்கலுக்கு விடைகாணப் பலர் முயன்றனர். அவர்களுள் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சக்கரி ஃபர்பிஷ் என்பார் குறிப்பிடத்தக்கவர். 1890களில் அவர் பெற்ற காப்புரிமைகளைக் கொண்டு, ஃபிலடெல்ஃபியா நகரின் நார்த் பிரதர்ஸ் நிறுவனம் 'யாங்கி' என்னும் பெயரில் இத்திருப்புளியைச் செய்து விற்றது. கையால் சுழற்றி ஐஸ்கிரீம் உறைய வைக்கும் கலங்களையும் செய்துவந்த நிறுவனம் அது!

அக்கருவியின் எஃகுத் தண்டைப் பார்த்தால், வலஞ்சுழியாக ஒரு புரியும் இடஞ்சுழியாக ஒரு புரியும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் உண்டான சாய்சதுரக் கோலம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இரண்டு மரைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு புரியைக் கவ்வியிருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது 'ராட்செட்' என்னும் தடுப்புப் பல் ஒரு மரையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். எனவே தண்டு சுழன்றே தீரவேண்டும். கை பின்வாங்கும்போது அம்மரை வழுக்கிச் சுழலும். தண்டு அசையாது நிற்கும். பக்கத்திலுள்ள சிறு பொத்தானை ஒரு முனைக்குத் தள்ளினால் திருகாணி உட்செல்லும். மறுமுனைக்குத் தள்ளினால் வெளிவரும். நடுவில் நிறுத்தினால் சாதாரணத் திருப்புளியாகும்.

இதனை இனங்காண்பது கடினமன்று. 'நார்த் பிரதர்ஸ், ஃபிலடெல்ஃபியா' என்ற எழுத்துகள் மட்டும் இருப்பின் அது 1946க்கு முற்பட்ட நிறுவனத்தின் பொருளாகலாம். ஏனெனில் அவ்வாண்டில் ஸ்டான்லி நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. 30, 31 என்ற எண்கள் உள்ளே சுருள்வில் இல்லாதவற்றைக் குறிக்கும். அவற்றின் கைப்பிடியை நாமே பின்னிழுக்க வேண்டும். 130, 131 ஆகியவற்றில் சுருள்வில் உண்டு. கைப்பிடி தானே எழும். இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஸ்டான்லி கருவிகளில் அந்நாட்டின் பெயர் காணப்படும்.

பழையதைச் சீர்செய்வோர் முதலில் அறிய வேண்டியது அதிலுள்ள ஆபத்தை. சுருள்வில் கொண்ட கருவியை மடக்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டுத் தளர்ந்தால் தண்டு அம்பெனப் பாயும். ஆகவே முனையை ஒரு பலகையில் ஊன்றி, முகத்தை விலக்கி, மெல்ல விடுவித்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் பழைய பல்துலக்கியாலும் புரிகளின் பள்ளங்களில் இறுகிய அழுக்கைக் களைய வேண்டும். உப்புத்தாள் கொண்டு புரியின் விளிம்புகளைத் தேய்த்துவிடலாகாது. விளிம்பு தேய்ந்தால் மரையின் பிடி தளரும். நிக்கல் பூச்சை இரும்புத் தூரிகையால் சுரண்டுவதும் தவறு. தடித்த கிரீஸ் வேண்டா. நம் பகுதியின் புழுதி அதில் ஒட்டி அரத்தைப்போல உலோகத்தை அராவும். தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் போதும். மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால் அதன் நிறம் மீண்டு வரும்.

பயன்படுத்துவோர்க்கும் ஒழுங்கு உண்டு. முதலில் சிறு துளை இடவேண்டும். அலகின் அகலம் ஆணித்தலையின் பிளவுக்குப் பொருந்த வேண்டும். ஒரு கை முனைப்பகுதியைத் தாங்க, மறுகை நேராக அழுத்த வேண்டும். சற்றே சாய்ந்தாலும் அலகு வழுக்கி மரத்தில் வடுவை ஏற்படுத்தும். 30, 130 எண்களின் அலகுத் தண்டு 9/32 அங்குலம் ஆதலால், இக்கால கால் அங்குல அறுகோண அலகுகள் நேரடியாகப் பொருந்தா. இடையிணைப்பு ஒன்று வேண்டும். அதனைப் பெற்றுவிட்டால் நூறாண்டுக் கருவியும் இன்று உழைக்கும்.

ஆயினும் காலம் நிற்கவில்லை. 1936ஆம் ஆண்டு ஹென்றி ஃபிலிப்ஸ் என்பார், நம் பட்டறைகளில் 'ஸ்டார் ஸ்க்ரூ' என வழங்கும் ஆணிக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்தால் வேகமாக முடுக்குவதற்கு அது ஏற்றதாயிருந்தது. 1961ஆம் ஆண்டு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் கம்பியில்லாத் துளைக்கருவியை வெளியிட்டது. இவற்றின் முன் 'யாங்கி' மெல்ல ஒதுங்கியது. ஆனால் அது மறக்கப்படவில்லை. பெயரும் எண்ணும் தேதியும் உடலில் இருந்தமையால், ஆர்வலர்கள் அதனைத் தேடி எடுக்கிறார்கள்; இன்ன ஆண்டினது என வகுக்கிறார்கள்; போற்றுகிறார்கள்.

துறப்பணத்தின் நிலை என்ன? அதனைச் செய்தவர் எவரும் தம் பெயரை அதில் பொறிக்கவில்லை. கையால் செய்து, கையிலேயே தேய்ந்து, இறுதியில் அடுப்பெரித்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்த கை உருளைகளின் கதையும் இதுவே. அவ்விரு மர உருளைகளும் ஒன்றையொன்று கவ்வி எதிரெதிராகச் சுழல, முனைகளில் திருகுபுரி செதுக்கும் நுட்பம் இந்தியத் தச்சர்க்குத் தெரிந்திருந்ததை வரலாற்றறிஞர் இர்ஃபான் ஹபீப் எடுத்துக்காட்டியுள்ளார். மரத்தில் அப்புரியை முதலில் செதுக்கிய கை எவருடையது? காப்புரிமை அலுவலகம் அறியாத அந்தக் கைக்கும் அறிவு இருந்தது. பதிவு மட்டுமே இல்லை. பதிவு இல்லாத இடத்தில் அறிவும் இல்லை என்று எண்ணிவிடுவது நம்மிடையே பரவியுள்ள பெரும் பிழையாகும்.

பெயர்களைக் காப்பது எத்துணைப் பெரிய பணி என்பதைக் கோவில்பட்டி வட்டாரம் நன்கறியும். காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவர், 1732ஆம் ஆண்டு சதுரகராதியை இயற்றித் தமிழ்ச் சொற்களை வகைப்படுத்தித் தந்தார். சரியாக 250 ஆண்டுகளுக்குப் பின், 1982ஆம் ஆண்டில், அதே வட்டாரத்து இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். கடல் கடந்து வந்த துறவி ஒருவர். மண்ணில் பிறந்த விவசாயி ஒருவர். இருவரும் செய்தது ஒன்றே: மக்கள் நாவில் வாழ்ந்த சொல்லை அழியாமல் காத்தல்.

நம் ஆண்டவரைத் தச்சரின் மகன் என்றே ஊரார் அழைத்தனர். அவரை வளர்த்த புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லையேனும் நற்செய்தியாளர்கள் எழுதி வைக்கவில்லை. அவர் செய்த ஏர் எது, நுகம் எது என்றும் நாம் அறியோம். எனினும் 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக அறிவித்தார். பதிவு பெறாத உழைப்புக்குத் திரு அவை செலுத்தும் வணக்கம் அது. 1981ஆம் ஆண்டு உழைப்பைக் குறித்துச் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், தொழில்நுட்பம் மனிதனின் நண்பன் என்றும், அவனை ஒதுக்கித்தள்ளும்போது அதுவே பகைவனைப் போலாகலாம் என்றும் உணர்த்தினார். கையின் களைப்பைக் குறைத்தும் கையை வேண்டாததாக்காத 'யாங்கி'யும் துறப்பணமும் நண்பர் வரிசையில் வைக்கத்தக்கவை.

எனவே, பழைய கருவி எதுவும் வீட்டில் இருப்பின், அதனை எடைக்குப் போடுமுன் சற்றே நிற்போம். எழுத்துப் பொறித்ததாயின் படித்துப் பார்ப்போம். எண்ணெயிட்டு வேலைக்கு விடுவோம். எழுத்தற்றதாயின், அதனைக் கையாண்ட முதிய தச்சர் இன்னும் ஊரில் இருக்கிறாரா எனத் தேடுவோம். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர் என்ன பெயர் சொன்னாரோ அதனை ஒரு தாளில் எழுதி வைப்போம். கீழே அவர் பெயரையும் எழுதுவோம்.