தண்ணீரைக் கெடுத்தது எது?

காலராவை நம் பாட்டிமார் வாந்திபேதி என்றுதான் சொல்வார்கள். அரிசி கழுவிய தண்ணீர் போலப் பேதி போகும். உடம்பின் நீரும் உப்பும் அதோடு வடிந்து, காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் செத்துப்போவார். நம் ஊரில் அம்மன் கோபம் என்றார்கள். இலண்டனின் படித்த டாக்டர்கள் கெட்ட காற்று என்றார்கள், பெரிய வித்தியாசமில்லை.

1854-ல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அங்கே பிராட் தெருவில் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரே அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள். அதன் கைப்பிடியைக் கழற்றவைத்தார். 1884-ல் ராபர்ட் கோக், கல்கத்தாவில் மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். நோயாளியின் மலம் கலந்த நீர்தான் நோயைப் பரப்புகிறது. தொட்டவரின் சாதி நீரை ஒன்றும் செய்வதில்லை.

இது நடந்து 43 ஆண்டுகளுக்குப் பின், 1927 மார்ச் 20 அன்று, மகத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீர் அள்ளிக் குடித்தார். குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் நம்மவர்களை அடித்தார்கள். பிறகு குளத்துக்குத் ‘தீட்டுக் கழித்தார்கள்’. எப்படித் தெரியுமா? சாணமும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றி! என்னைக் கேட்டால், பொதுச் சுகாதாரப் பாடத்தில் ஸ்னோவின் பம்புக்கு அடுத்த பக்கத்தில் இந்த 108 குடங்கள் இருக்க வேண்டும். அந்த ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆயிற்று.

ஊர்க்கிணற்றை மறுத்தால் மிஞ்சுவது மாடு படுக்கும் குட்டையும் வாய்க்காலும்தான். அதைக் குடித்து நோய் வந்தால், அதற்கும் ‘சுத்தமில்லாதவர்கள்’ என்று நமக்கே பெயர்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. யார் செய்தது என்ற வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும். தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொன்ன பிறகே, மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மலம் கிடந்தது.