நாய் மாத்திரையும் பவளப் பூச்சியும்

கடல்ல யாரும் பார்க்கறதுக்கு முன்னாடியே, வீட்டு ஹால்ல வச்ச கண்ணாடித் தொட்டியில பிரபலமாகிப்போன ஒரு புழு இருக்கு மக்களே. அதோட சரித்திரம்தான் இன்னைக்கு.

வீட்ல பவளம் வளர்க்கற பைத்தியம் அமெரிக்காவுல சூடு பிடிச்சது 1986-ல. ஜார்ஜ் ஸ்மிட் அங்கே ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில எழுதின தொடர் அதுக்கு ஒரு முக்கிய காரணம். அப்புறம் அக்ரோபோராங்கற கிளைப் பவளத்தை ஒடிச்சு ஒடிச்சு, செம்பருத்திக் கிளை மாதிரி கைமாத்திக்க ஆரம்பிச்சாங்க. கிளையோட பூச்சியும் கைமாறுச்சு. (நம்ம நாட்டுல கல் பவளங்களை 2001-லயே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. அதனால எனக்கு இதெல்லாம் படிக்கிற சுகம் மட்டும்தான்.)

முதல் வில்லன் சிவப்புப் பூச்சி. அரை மில்லிமீட்டர் மஞ்சள் உடம்பு, நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி. 1981-லயே ஆர்தர் ஹியூம்ஸ் பேர் வச்சிட்டார். பவளத்தோட நிறம் மங்கும், பாலிப்புகள் வெளியே நீளாது. 2000களின் முதல் பாதியில இதுக்கு மருந்து கண்டுபிடிச்சது ஆய்வுக்கூடம் இல்லை, வளர்க்கறவங்கதான்! நாய்க்கு இதயப்புழு வராம இருக்கக் கொடுக்கற மில்பெமைசின் மாத்திரை. பொடி பண்ணித் தொட்டியில கலந்து, ஆறு மணி நேரம் கழிச்சுத் தண்ணி மாத்தி, கார்பன் போடணும். வாரத்துக்கு ஒருதரம், மூணு வாரம். பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பூச்சியும் இறாலும் நண்டும் ஒரே ஓட்டுடலி வம்சம். முன்கூட்டியே பிடிச்சு வேற தொட்டிக்கு மாத்தலைன்னா ஆசையா வளர்த்த இறாலும் போயிடும்.

ரெண்டாவதுதான் நம்ம ஹீரோ, தட்டைப்புழு. இது பயங்கரமான ஆளு. தின்ன பவளத்தோட நிறமே இதோட உடம்புலயும் தெரியும், அதனால மேல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் கண்ணுக்குப் படாது. வட்ட வட்டமா வெளிறின கடித்தடம்தான் முதல் துப்பு. சந்தேகம் வந்தா வான்கோழி வறுவல் மேல சாறு ஊத்தற ரப்பர் குமிழ்க் குழாயால தண்ணிய பீய்ச்சி அடிப்பாங்க, புழு கழண்டு விழும். அயோடின், லெவாமிசோல்னு மருந்துத் தண்ணியில முக்கி எடுத்தா புழு போகும். முட்டை போகாது! உயிர்த்திசு செத்த அடித்தண்டுல ஒட்டியிருக்கற முட்டையைச் சுரண்டணும், இல்லைன்னா அந்தத் துண்டையே வெட்டி எறியணும். பொரிக்கற வரைக்கும் காத்திருந்து மறுபடி மறுபடி முக்கணும்.

கேட் ராலின்சன் குழு இதுக்கு அமகுசபிளானா அக்ரோபோரேன்னு பேர் வச்சது 2011-ல. அதுவும் தொட்டியில பிடிச்ச புழுவை வச்சுத்தான். காட்டு ஜீவனா இதை முதன்முதலா பார்த்ததைப் பதிவு பண்ணினது 2012-ல, ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவுகிட்ட. கடல்ல இதைத் தின்ன ஆள் இருக்குன்னு நினைக்கிறேன். ஆறு கோடு போட்ட குட்டி ராஸ் மீன் இந்தப் புழுவைத் தின்னும்னு அப்புறம் வந்த சோதனைகள்லயும் தெரிஞ்சது. தொட்டிக்காரங்க அந்த மீனைப் பல வருஷமா இதுக்காகவே வாங்கி விட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.